வார்டு சபையில் நான் தூக்கிய கை

எங்கள் தெருவில் அறுபது வயதுக்குக் கீழே இருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். திருவனந்தபுரத்தில், வலியசாலைக் கோயிலிலிருந்து ஆரியசாலையின் மொத்த வியாபாரக் கடைகளை நோக்கிப் போகிற பக்கத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். வீட்டில் இருப்பது நாங்கள்தான், வாக்காளர் பட்டியலில் இருப்பதும் நாங்கள்தான். இடி இடித்து மழை கொட்டினாலும் ஓட்டுப் போடாமல் இருக்க மாட்டோம். அதனால் தேர்தல் வந்துவிட்டால் மற்ற தெருக்களில் கைகூப்பியபடி நடந்து போய்விடுகிற வேட்பாளர்கள் எங்கள் தெருவில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்காருவார்கள். சர்க்கரை போடாத காப்பியை மறுக்காமல் குடிப்பார்கள். யாருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆயிற்று, யாருடைய பென்ஷன் தாமதமாகிறது என்று பெயர் சொல்லிக் கேட்பார்கள்.

இந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைத்து எழுதினால் மீதி எழுதுவதற்கும் அர்த்தமில்லை.

செக்ரட்டேரியட்டில் முப்பத்தோரு வருடம் கோப்புகளில் குறிப்பு எழுதினேன். வீட்டில் தமிழ், நாற்காலியில் மலையாளம். ஓய்வு பெற்ற மறுமாதமே குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் என்னைத் தேடி வந்தார். எண்பதைத் தாண்டிய ஓய்வுபெற்ற பொறியாளர். நிமிர்ந்து நடப்பார், எதையும் மறக்க மாட்டார். "மாமி, நீங்க எழுதினா எழுத்து நிக்கும், கேட்டேளா. ஆபீஸ் மலையாளம் நம்ம தெருவுல வேற யாருக்கு வரும்?" என்றார். அன்றிலிருந்து சங்கத்தின் மனுக்கள் எல்லாம் என் கையெழுத்தில்தான் போயின. தெருவிளக்கு வந்தது. சாக்கடைக்கு மூடி வந்தது. கோயில் வாசலில் கைப்பிடிக் கம்பி வந்தது. கேட்டது கிடைக்கும் என்கிற பழக்கம் எங்களுக்கு ஏற்பட்டுவிட்டது.

என் கணவர் வங்கியில் வேலை பார்த்தவர். நான் ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் அவருக்கு மறதி ஆரம்பித்தது. முதலில் கோயிலிலிருந்து வீட்டுக்கு வரும் வழி மறந்தது. பிறகு என்னை அவருடைய தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு நாள் காலை கிள்ளிப்பாலம் சந்திப்பில், இப்போது ஓடாத ஏதோ பஸ்ஸுக்காக வெயிலில் நின்றுகொண்டிருந்தவரை ஒரு ஆட்டோக்காரர் வீட்டில் கொண்டுவந்து விட்டார். அதன் பிறகு அவரைத் தனியே விட முடியவில்லை.

அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வந்தாள். செங்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம். கணவன் கட்டட வேலையில் மேஸ்திரி. ஆரியசாலையின் பின்சந்து ஒன்றில் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். காலை எட்டு மணிக்கு வந்து மதியம் இரண்டு வரை இருப்பாள். என் கணவர் என்னிடம் குளிக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பார். அவள் வந்து, "ஐயா, வெந்நி ஆறிப்போவும், வாங்க" என்றால் எழுந்து போய்விடுவார். ஏன் என்று எனக்குத் தெரியாது. கொஞ்சம் பொறாமைகூட வந்திருக்கிறது.

அவளுக்கு ஒரு மகள். அப்போது மூன்று வயது முடிந்திருந்தது. எங்கள் தெருக்கோடியில் இருந்த அங்கன்வாடியில் அவளை விட்டுவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வருவாள். அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் வாசகசாலையாக இருந்தது. பத்திரிகை படிக்க வருகிறவர்கள் குறைந்த பிறகு பல வருடங்களாக அங்கே அங்கன்வாடி நடந்தது. ஒரு ஹால், ஒரு சமையலறை, இரும்பு வலை போட்டு மூடிய கிணறு. குழந்தைகள் பெரும்பாலும் ஆரியசாலையிலும் சாலைக் கடைவீதியிலும் சுமை தூக்குகிற, ஓட்டலில் வேலை பார்க்கிற, கட்டட வேலைக்குப் போகிற தமிழர்களின் குழந்தைகள். டீச்சர் மலையாளி. குழந்தைகளிடமிருந்து தமிழ் கற்றுக்கொண்டவர். மதியம் கஞ்சியும் பயறும் வேகிற வாசனை எங்கள் வீடு வரை வரும். எங்கள் வீட்டுக்கும் அதற்கும் நடுவில் நான்கு வீடுகள்தான். பிள்ளை அழுதால் அவள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் பகல்வீடு பற்றிய பேச்சு எழுந்தது. முதியவர்கள் காலையில் வந்து சாயங்காலம் வரை சேர்ந்து இருக்கலாம், சாப்பிடலாம், வாரத்துக்கு ஒரு முறை நர்ஸ் வந்து பார்ப்பார். வேறு சில வார்டுகளில் ஏற்கெனவே இருந்தது. அது எங்களுக்குத் தேவையில்லை என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் தெருவில் மனைவியை இழந்த ஒருவர், முன்னாள் கணக்கு வாத்தியார், குளியலறையில் வழுக்கி விழுந்து ஒன்றரை நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். பால் பாக்கெட் இரண்டு வாசலில் சேர்ந்து கிடந்ததைப் பார்த்துத்தான் கதவை உடைத்தோம். என் விஷயத்தில், மதியம் அவள் போன பிறகு ஒரு நான்கு மணி நேரம் கண்ணை மூடிப் படுக்க முடிந்தால் போதும் என்றிருந்தது.

சங்கக் கூட்டத்தில் இடம் எது என்ற கேள்வி வந்தது. தலைவர் தெருக்கோடி ஹாலைச் சொன்னார். படி இல்லை, மேடு இல்லை, எல்லோரும் நடந்து போகிற தூரம். அங்கன்வாடியை என்ன செய்வது என்று யாரோ கேட்டார்கள். வேறு எங்காவது வாடகைக்கு எடுத்துக் கொடுப்பார்கள், குழந்தைகளுக்கு எங்கே இருந்தாலும் ஒன்றுதான் என்று பதில் வந்தது. பதில் சொன்னது யார் என்று இப்போது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. நானாகவும் இருக்கலாம்.

மனுவை நான் எழுதினேன். முதியவர்களின் தனிமை, விழுந்தவரின் கதை, என் கணவரைப் போன்றவர்களின் நிலை எல்லாம் எழுதினேன். கடைசிப் பத்திக்கு முன்னால் ஒரு வாக்கியம் சேர்த்தேன். 'தற்போது இக்கட்டடத்தில் நடைபெறும் அங்கன்வாடியைப் பயன்படுத்துவோரில் பெரும்பாலோர் இவ்வார்டின் வாக்காளர்கள் அல்லர் என்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.' மலையாளத்தில் அது இன்னும் மென்மையாக, இன்னும் பணிவாக இருந்தது. முப்பத்தோரு வருட அனுபவத்தில், முடிவெடுக்கத் தயங்குகிற மேலதிகாரிக்கு எந்த வாக்கியம் கைகொடுக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். சங்கத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். என் கணவரின் விரலைப் பிடித்து நான் மை தொட்டு வைத்தேன்.

நான் மனு எழுதிக்கொண்டிருந்த மேஜைக்குப் பக்கத்தில்தான் அவள் உட்கார்ந்து அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

கவுன்சிலர் ஒரு சின்னப் பெண். முப்பத்தைந்து இருக்கும். முதல் முறை ஜெயித்தவள். மனு கிடைத்த வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தலைவர் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தாள் என்று பிறகுதான் தோன்றியது. அவளுக்குத் தமிழ் பாதி வரும். மனுவை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, இதை மாமிதானே எழுதினது என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அந்த வாக்கியத்தின் மேல் விரலை வைத்தாள்.

"ஆ குழந்தைகளுக்கு இங்கே ஓட்டு இல்லா, சரி. விசப்பு உண்டல்லோ, மாமி?"

பசி இருக்கிறதே என்கிறாள். உள் அறையில் என் கணவர் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரைக் காட்டி, "எனக்கும் வேற வழி இல்லையே" என்றேன். அவள் அந்தப் பக்கம் பார்த்தாள். அவள் அம்மாவும் தனியாகத்தான் இருக்கிறாள் என்று சொன்னாள். பிறகு, வார்டு சபையில் வைக்கிறேன், சபை என்ன சொல்கிறதோ அதுதான் என்று சொல்லிவிட்டு எழுந்தாள். தேர்தலுக்கு ஒரு வருடம்கூட இல்லை. எங்கள் தெரு இல்லாமல் அவளால் ஜெயிக்க முடியாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வார்டு சபை ஒரு வேலை நாளின் பிற்பகலில், பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. வேலைக்குப் போகிறவர்கள் யார் வர முடியும்? வந்தவர்களில் பாதிக்கு மேல் எங்களைப் போன்றவர்கள். முன்வரிசை, மின்விசிறிக்குக் கீழே, எங்களுக்கு. வார்டில் ஓட்டு இருந்தால்தான் சபையில் வாக்கு. அந்தக் குழந்தைகளின் தாய்மார்கள் யாருக்கும் அது இல்லை. அங்கன்வாடி டீச்சர் பக்கவாட்டுச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அவருக்கு ஓட்டு வேறு வார்டில். அவர் பேசவில்லை, பேச வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை.

ரோடு, குடிநீர்க் குழாய், தெருநாய் எல்லாம் முடிந்து பகல்வீடு வந்தது. ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்று கவுன்சிலர் சொன்னாள். தலைவர் நாற்காலியில் திரும்பி வரிசை வரிசையாகப் பார்த்தார். எனக்கு வலது தோளில் வலி. மூன்று வருடமாகக் கொடியில் துணி போடுவதற்குக்கூட அந்தக் கையை உயர்த்த முடியாது. அன்று உயர்த்தினேன். எண்ணி முடிக்கும் வரை இறக்கவில்லை.

நான் கூட்டத்தில் இருந்த நேரம் முழுவதும் அவள்தான் என் கணவரோடு இருந்தாள். இரண்டு மணிக்குப் போக வேண்டியவள், எனக்காக நாலரை மணி வரை இருந்தாள். மகளையும் கூட்டி வந்து சமையலறை ஓரத்தில் படுக்கவைத்திருந்தாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. நான் செருப்பைக் கழற்றும்போது, "கூட்டத்துல என்னம்மா சொன்னாவ?" என்று கேட்டாள். ரோடு, தண்ணீர், நாய் என்று சொன்னேன். பொய் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய பொய் நான் சொன்னதில்லை.

இரண்டு மாதத்தில் அங்கன்வாடியை மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கடையின் மாடிக்கு மாற்றினார்கள். செங்குத்தான படி. கைப்பிடி ஒரு பக்கம்தான். இடம் கிடைக்கும் வரை தற்காலிகமாக என்று சொன்னார்கள். அவள் காலையில் பிள்ளையை இடுப்பில் வைத்து லாரிகளுக்கு நடுவே ரோட்டைக் கடந்து, விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். நடுவில் ஓடிப்போய்ப் பார்த்து வருவது நின்றது. ஒரு நாள் மதியம் டீச்சர் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தபோது பிள்ளை தானாகப் படியிறங்கி ரோட்டோரம் வந்துவிட்டது. அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். ஒன்றும் ஆகவில்லை. அவள் எங்கள் வீட்டில் இருந்தபோதுதான் சேதி வந்தது. என் கணவரின் சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்த பிறகுதான் ஓடினாள்.

அடுத்த வாரம் மூன்று நாள் விடுப்பு கேட்டு ஊருக்குப் போனாள். திரும்பி வந்தது அவள் மட்டும்தான்.

"பிள்ளைய எங்கம்மாட்ட விட்டுட்டு வந்துட்டேம்மா" என்றாள். சொல்லிவிட்டு அவர் குடித்த டம்ளரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அன்று பாத்திரம் தேய்க்க வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். நான் பின்னால் போகவில்லை.

பகல்வீட்டைத் திறந்துவைத்தார்கள். ரிப்பன், மைக், தலைவரின் நீண்ட உரை. உள்ளே புது வெள்ளை அடித்திருந்தார்கள். ஒரு சுவரை மட்டும் ஏனோ விட்டுவிட்டார்கள். அதில் யானையும் வாழைக்குலையும் மலையாள எழுத்துகளும் அப்படியே இருந்தன. என் கணவரை மறுநாளே அழைத்துப் போனேன். டி.வி. சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை. புது முகங்களைப் பார்த்து மிரண்டார். அந்த ஒரு சுவருக்கு முன்னால் போய் நின்றுகொள்வார். பதினோராவது நாள், வெளியே ஓடப் பார்த்தவரைத் தடுத்த ஊழியரின் கையைக் கடித்துவிட்டார். மறதி உள்ளவர்களை இங்கே வைத்துச் சமாளிக்க ஆள் இல்லை என்று அந்தப் பெண் மிகவும் மரியாதையாகச் சொன்னாள். கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பன்னிரண்டாம் நாள் காலை எட்டு மணிக்கு, வழக்கம்போல, அவள் வந்து வெந்நீர் போட்டாள்.

மற்றவர்களுக்குப் பகல்வீடு பயன்படவில்லை என்று சொன்னால் அநியாயம். விழுந்து கிடந்த கணக்கு வாத்தியார் தினமும் போனார். நாலு பேரோடு சீட்டு விளையாடினார், சூடாகச் சாப்பிட்டார், மூன்று மாதத்தில் முகம் தெளிந்துவிட்டது. தெருவில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நன்றி சொன்னார். ஒவ்வொரு முறையும் நான் வேறு பேச்சுக்குத் தாவினேன்.

தேர்தல் வந்தது. எங்கள் தெருவுக்கு மூன்று கட்சிகளின் ஆட்டோக்களும் காலை ஏழு மணிக்கே வந்து நின்றன. நடக்க முடியாதவர்களை நாற்காலியோடு தூக்கிச் சென்றார்கள். படுக்கையில் இருந்த ஒரு மாமியைப் புடவை மாற்றி, பொட்டு வைத்து, நான்கு பேர் பூப்போல இறக்கி ஏற்றினார்கள். வருடம் முழுக்க அவரை யாரும் அப்படித் தொட்டுத் தூக்கியிருக்க மாட்டார்கள். தலைவர் வாசலில் நின்று யார் யார் போயாயிற்று என்று பட்டியலில் குறித்துக்கொண்டிருந்தார்.

என் கணவருக்குத் துணையாக நானே உள்ளே போக அனுமதி கிடைத்தது. என் ஓட்டை முதலில் போட்டேன், கவுன்சிலருக்கு. பிறகு அவருடைய ஓட்டு. இயந்திரத்துக்கு முன்னால் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்று ஒருவரையொருவர் கேட்டதில்லை. ஆனால் நாற்பது வருடம் ஒரே பத்திரிகையைப் படித்தவர்களுக்கு அது தெரியாமல் இருக்குமா? அவர் எப்போதும் எதிர்ப்பக்கம்தான். "யாருக்குப் போடணும்?" என்று அவர் காதில் கேட்டேன். அவர் என்னைப் பார்த்து, "ஆத்துக்குப் போலாம்" என்றார். அவர் விரலைப் பிடித்து, அவர் போட்டிருக்கக்கூடிய சின்னத்தில் வைத்து அழுத்தினேன். என் ஓட்டுக்கு எதிரான ஓட்டு. அதுவாவது அவருக்குச் செய்கிற நியாயம் என்று தோன்றியது.

வெளியே வந்தபோது விரலில் மையோடு நாங்கள் இருவரும் மர நிழலில் உட்கார்ந்தோம். எங்களை வீட்டில் விடுவதற்கு இரண்டு கட்சிக்காரர்கள் போட்டி போட்டார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம், மாடிப்படியில், ஒரு பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சாத்தியிருந்த கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினாள். தேர்தலுக்காக அங்கன்வாடி விடுமுறை என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

கவுன்சிலர் குறைந்த வித்தியாசத்தில் ஜெயித்தாள். எங்கள் தெருதான் ஜெயிக்கவைத்தது என்று தலைவர் எல்லோரிடமும் சொன்னார். உண்மைதான்.

அதற்குப் பிறகு ஒரு மழை நாளில், என் கணவரைப் பார்த்துக்கொள்கிற அவளிடம் உண்மையைச் சொன்னேன். என் கணவர் சாப்பிட்டுத் தூங்கியிருந்தார். அவள் அவருடைய வேட்டிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்து, அந்த மனுவை எழுதியது நான்தான், ஓட்டு இல்லாதவர்கள் என்று எழுதியதும் நான்தான், சபையில் கை தூக்கினேன், அன்று உன்னிடம் மறைத்தேன் என்று வரிசையாகச் சொன்னேன். கோப்பு வாசிப்பதுபோலத்தான் சொல்ல வந்தது.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்மா. டீச்சர் அப்பமே சொன்னாவ."

"தெரிஞ்சுமா வந்துண்டிருந்தே?"

"வேற எங்க போவ? ஐயா வேற நா இல்லன்னா குளிக்க மாட்டாவ." வேட்டியின் ஓரத்தைச் சரிசெய்தாள். "நீங்க ஐயாவுக்காவ கையத் தூக்குனீய. எனக்கு ஓட்டு இருந்தா நானும் எம்பிள்ளைக்குத்தாம்மா தூக்கியிருப்பேன். அதுல ஒங்களத் தப்பு சொல்லல. ஆனா அன்னைக்கு எங்கிட்டக் கேட்டிருக்கலாம். நான் இங்கனதான இருந்தேன்."

மன்னிப்புக் கேட்டால் அதற்கும் அவள் ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டிவரும். அந்த வேலையையும் அவள் தலையில் கட்ட மனம் வரவில்லை. அவளுடைய பெயரை இங்கே பட்டியலில் சேர்க்க நான் விண்ணப்பம் எழுதித் தரட்டுமா என்று மட்டும் கேட்டேன். ரேஷன் கார்டு, கணவனின் நிலம், பிள்ளை எல்லாம் ஊரில் இருக்கின்றன, ஓட்டும் அங்கேயே கிடக்கட்டும் என்றாள்.

அடுத்த வார்டு சபைக்கு மனு எழுதாமல் போனேன். ஹாலில் பாதியைத் தடுத்து அங்கன்வாடியைத் திரும்பக் கொண்டுவரலாம், காலையில் நாம் உட்காரும் நேரம் குழந்தைகளும் இருக்கட்டும் என்று எழுந்து சொன்னேன். கோப்பில் எழுதி எழுதிப் பழகியவளுக்கு நின்று பேசுவது புதிது. தலைவர் கோபப்படவில்லை. குழந்தைகள் ஓடும், யாராவது தடுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். அதில் நியாயம் இருந்தது. கை தூக்கச் சொன்னபோது என்னோடு சேர்த்து ஐந்து கைகள். அதில் ஒன்று கணக்கு வாத்தியாருடையது. மற்றவர்கள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் தலைவர் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"நம்ம பலமே ஒண்ணா நிக்கறதுதான் மாமி. இந்த வயசுல நம்மகிட்ட வேற என்ன இருக்கு? அதை நீங்களே உடைச்சா எப்படி?"

"பலம் இருக்கு. அது யார் தலைல விழறதுன்னு நாம பாக்கலை. நானும்தான்."

அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு போனார். அதன் பிறகு சங்க மனுக்கள் என்னிடம் வரவில்லை. வேறொருவர் எழுதுகிறார். அவருடைய மலையாளமும் நன்றாகத்தான் இருக்கிறது.

எங்கள் வீடு நீளமானது. பின்கட்டில் இரண்டு அறைகளும் ஒரு கழிப்பறையும் பின்சந்தில் தனி வாசலும் உண்டு. பிள்ளைகள் வந்தால் தங்குவதற்கென்று பூட்டி வைத்திருந்தோம். அவர்கள் வந்தாலும் ஓட்டலில் தங்குகிறார்கள். கவுன்சிலரை வரவழைத்துக் காட்டினேன். அவள் ஜன்னல்களைத் திறந்து பார்த்தாள், தரையைத் தட்டிப் பார்த்தாள். மாமியின் தெருக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டாள். சொல்லட்டும் என்றேன். அனுமதி வாங்க ஏழெட்டு மாதம் ஆயிற்று. படிவங்களை நானே நிரப்பினேன், தபாலில் சேர்க்காமல் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைசியில் ஒரு திங்கட்கிழமை டீச்சர் பாத்திரங்களோடும் பாய்களோடும் வந்து சேர்ந்தார்.

என் கணவர் அதைப் பார்க்கவில்லை. அதற்கு முந்தின ஆடி மாத மழையில், காய்ச்சல் வந்து ஆறு நாளில் போய்விட்டார். கடைசிக் காலையிலும் அவள்தான் அவருக்கு முகம் துடைத்துவிட்டாள். பத்து நாள் காரியம் முடியும் வரை வீட்டில் இருந்து எல்லா வேலையும் செய்தாள். பிறகு ஊருக்குப் போகிறேன் என்றாள். அங்கன்வாடி இங்கேயே வரப்போகிறது, பிள்ளையைக் கூட்டி வரலாமே என்று சொன்னேன். பிள்ளையை ஊரில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டது என்றாள். ஐந்து வயது முடிந்துவிட்டது. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

இப்போது பின்கட்டில் பதினைந்து குழந்தைகள் வரை வருகிறார்கள். எனக்கு அவர்களோடு பெரிய பழக்கம் ஒன்றும் இல்லை. கதவை நான் அதிகம் திறப்பதில்லை. மதியத்தில் படுத்திருக்கும்போது டீச்சரின் பாதித் தமிழ் கேட்கும். சில நாட்களில் சத்தம் தாங்காமல் முன்னறைக்குப் போய்விடுவேன். அடுத்த தேர்தலுக்கு இப்போதே ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருகிறார்கள். அந்தக் குழந்தைகளின் குடும்பங்களுக்கு என்ன செய்வதாக உத்தேசம் என்று நான் கேட்கிறேன். முதலில் முழிக்கிறார்கள். பிறகு சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள், ஏனென்றால் கேட்பவளுக்கு ஓட்டு இருக்கிறது.

போன மாதம் அவளுக்கு ஃபோன் செய்தேன். பீடி சுற்றப் போகிறாளாம். கணவன் இன்னும் இங்கேதான், மாதம் ஒரு முறை ஊருக்கு வருகிறானாம். மகள் மூன்றாம் வகுப்பு, நன்றாகப் படிக்கிறாளாம். பேசிக்கொண்டே இருந்தவள், இந்தா, அவளிடம் ஒரு வார்த்தை பேசுங்கள் என்று கொடுத்தாள். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஃபோனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "யாரும்மா இது?" என்று அவள் தாயைக் கேட்பது தெளிவாகக் காதில் விழுந்தது.

"முன்ன நாம திருவனந்தபுரத்துல இருந்தம்லா. அங்க நான் வேலைக்குப் போன வீட்டம்மா" என்று அவள் சொன்னாள்.